எங்கன இருந்து அளக்குறது?

தேனியில் நான் மெக்கானிக் கடை வைத்திருந்த தெருவில் அவருக்கு ‘எங்கனக்கா’ என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. யார் எந்தக் கணக்கைச் சொன்னாலும் “எங்கன இருந்து?” என்று கேட்பார். இந்தப் பம்பு மணிக்கு இத்தனை லிட்டர் இறைக்கும் என்றால், “எங்கன இருந்து? எத்தனை அடி ஆழத்துல இருந்து?” என்பார். மதுரைக்கு ஒன்றரை மணி நேரத்தில் பஸ் போய்விடும் என்றால், “எங்கன இருந்து? நம்ம ஸ்டாண்டுல இருந்தா, ஆண்டிபட்டி தாண்டுனதுல இருந்தா?” என்பார். கிண்டலாகக் கேட்கமாட்டார். பதில் தெரியவேண்டும், அவ்வளவுதான். பதில் சொல்லாவிட்டால் நின்றுகொண்டே இருப்பார்.

மின்சார ஆபீஸில் வீடு வீடாக ரீடிங் எடுக்கும் வேலை. உயரமான பெண். ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம், தோளில் ஒரு ரெக்ஸின் பை, பையில் டார்ச் லைட். இருட்டு மூலையில் இருக்கும் மீட்டரில் டார்ச்சை அடித்து ஒருதரம் படிப்பார், அட்டையில் எழுதுவார், மறுபடி டார்ச்சை அடித்து இன்னொருதரம் படிப்பார். எங்கள் தெரு நாய்கள் தபால்காரரைப் பார்த்தால் குரைக்கும், அவரைப் பார்த்தால் எழுந்து வழிவிடும். என்ன படித்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. பத்தாவது என்று சிலரும் பி.எஸ்ஸி. என்று சிலரும் சொல்வார்கள்.

தொண்ணூற்றேழு வாக்கில்தான் எனக்கு அவர் பழக்கம். தன் மொபெட்டைக் கொண்டுவந்து, மைலேஜ் குறைந்துவிட்டது, பார்த்துக் கொடு என்று விட்டுப் போனார். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். அப்போதெல்லாம் மைலேஜ் பார்க்க ஆஸ்பத்திரி குளுக்கோஸ் பாட்டிலை ஹேண்டில்பாரில் கட்டி, நூறு மில்லி பெட்ரோலை ஊற்றி, டியூப் வழியாக விட்டு ஓட்டுவோம். ஆண்டிபட்டி ரோட்டில் ஓட்டினேன். ஆறு கிலோமீட்டர் வந்தது. சாயங்காலம் அவர் வந்ததும் பெருமையாகச் சொன்னேன்.

“லிட்டருக்கு அறுபதுக்கா.”

“எந்தப் பக்கம் ஓட்டுன தம்பி?”

“ஆண்டிபட்டி பக்கம்.”

“வர்றப்ப?”

“வர்றப்ப டேங்க் பெட்ரோல்ல வந்துட்டேன்.”

ஆனி மாதம். கம்பம் பள்ளத்தாக்கில் அந்த மாதங்களில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே தள்ளும். நின்றால் வேட்டி கிழக்கே பார்த்துத்தான் பறக்கும். அவர் பாட்டிலில் இன்னொரு நூறு மில்லி ஊற்றச் சொன்னார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போடி ரோட்டில் மேற்கே ஓட்டிப் போனார். நான் சைக்கிளில் பின்னாலேயே போனேன். நாலே முக்கால் கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டி வண்டி நின்றது.

“அறுபதும் பொய்யில்ல, நாப்பத்தெட்டும் பொய்யில்ல” என்றார். “ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கு. அம்பத்துநாலு. அதான் இந்த வண்டி.”

அன்றிலிருந்து என் கடைக்கு வாரம் ஒருமுறையாவது வருவார். எனக்கும் அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. வண்டியின் மூக்கு, முகத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு நடுவே, அது எதைத் தின்று எவ்வளவு தூரம் போகிறது என்று மட்டும் பேசும் ஆள் அவர்.

ஒரு வேன்காரர் இருந்தார். கல்யாண டிரிப் அடிப்பவர். வண்டியில் அடுப்பு கேஸ் சிலிண்டரை ஒளித்துவைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். அதே காசுக்குப் பெட்ரோலில் ஓடியதைப் போல இரண்டு மடங்கு ஓடுகிறது என்று என் கடை வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்டது வேன்காரர் என்றுதான் சொல்லவேண்டும்.

“ஆளுகளை ஏத்திக்கிட்டு இப்படிச் சுத்துறியே, வெடிச்சா யாரு பொறுப்பு? கழட்டிரு” என்று முதலில் திட்டித் தீர்த்தார். பிறகு குரல் மாறியது. “கழட்டுறதுக்கு முன்ன ஒரு தடவை நிறுத்துப் பாத்துருவமா?”

எதிரே இருந்த தானியக் கடைத் தராசில் சிலிண்டரை நிறுத்தார். ஆளில்லாத வேனை வீரபாண்டி வரை ஓட்டிவிட்டு வரச் சொன்னார். மறுபடி நிறுத்தார். அதே மாதிரி பெட்ரோலையும் கேனோடு நிறுத்து ஓட்டவைத்தார். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான் ஓடியிருந்தது. வேன்காரர் நம்பவில்லை.

“அப்ப எனக்கு எப்படிக்கா கட்டுப்படியாகுது?”

“அது கேஸுக்கு வச்ச விலை அப்படி. நாளைக்கு விலையை ஏத்துனாகன்னா உன் வண்டி திடீர்னு சோம்பேறியாயிருமா? அதே வண்டிதானே? ரூவாயில சொல்லாத. ரூவா ஒரு இடத்துல நிக்காது.”

ரூபாய் வேண்டாம் என்றால் வேறு எதில் சொல்வது? பெட்ரோல் லிட்டரில் வருகிறது, கேஸ் கிலோவில் வருகிறது, கரண்ட் யூனிட்டில் வருகிறது. இதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். தண்ணீரைக் கொதிக்கவைக்கும் கணக்கு. வீட்டில் வாட்டர் ஹீட்டரைப் போட்டு, மீட்டர் சக்கரம் சுற்றுவதை எண்ணி, ஒரு யூனிட் கரண்டில் ஒரு குடம் பச்சைத்தண்ணீர் கொதிநிலைக்கு வருகிறது என்று கண்டுபிடித்திருந்தார். ஒரு லிட்டர் பெட்ரோலைச் சூடு வீணாகாமல் எரித்தால் ஒன்பது குடம் கொதிக்கும் என்று நூலகத்தில் ஒரு பாடப்புத்தகத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டார். அதற்குப் பிறகு எல்லா வண்டிக்கும் குடம்தான். அவருடைய மொபெட் ஒன்பது குடத்துக்கு ஐம்பத்துநாலு கிலோமீட்டர், அதாவது குடத்துக்கு ஆறு.

“சைக்கிளுக்கு எத்தனைக்கா?” என்று ஒருநாள் விளையாட்டாகக் கேட்டேன்.

அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு வீரபாண்டி போய் வந்தால் மறுபடி பசிக்கிறது என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் மிதித்துப் பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்து புலம்பினார். “இட்லியை வேகவைக்க விறகு எரிச்சேன்ல, அதைச் சேக்கணும். மாவு ஆட்டுன கரண்டைச் சேக்கணும். அரிசி வெளைய டிராக்டர் ஓட்டிருக்காக, அதைச் சேக்கணும். போய்க்கிட்டே இருக்கு தம்பி. எங்கன போய் நிப்பாட்டுறதுன்னு தெரியல.”

அவர் தோற்றுப்போய் நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். தோற்றதில் அவருக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது.

இந்தக் குணத்தால் அவருக்கு ஒரு பெரிய நஷ்டம் வந்தது. அவருடைய கூடப்பிறந்த தம்பி ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் மானாவாரி நிலம் வைத்திருந்தார். ஊரெல்லாம் காட்டாமணக்குப் பேச்சாக இருந்த வருடங்கள் அவை. விதையை ஆட்டினால் டீசல், தண்ணீரே வேண்டாம், கரட்டு நிலத்தில் தானாக வளரும் என்றார்கள். தம்பி மூன்று ஏக்கரில் வைத்தார். கன்று போட்டு அக்கம்பக்கத்தாருக்கு விற்கவும் ஆரம்பித்தார். முதல் எண்ணெய் ஆட்டிய பிறகு, ஊர்க்காரர்களைக் கூட்டி, பவர் டில்லரில் அந்த எண்ணெயை ஊற்றி ஓட்டிக் காண்பித்தார். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். வண்டி நன்றாகவே ஓடியது. பஜ்ஜி வாடை மாதிரி ஒரு புகை. எல்லோரும் கைதட்டினார்கள்.

அக்கா கேட்டார். “தண்ணி பாச்சாம வந்துச்சா தம்பி?”

“இல்லக்கா. ரெண்டு கோடைக்கும் எஞ்சின் வச்சுப் பாச்சுனேன். இல்லேன்னா காய் பிடிக்கல.”

“எஞ்சின் எத்தனை லிட்டர் டீசல் குடிச்சுச்சு?”

அவர் சொன்னார். கேள்வி எங்கே போகிறது என்று தெரியாமல், வெள்ளந்தியாகச் சொன்னார். விதையை ஆட்ட டவுனுக்குக் கொண்டுபோன வண்டி, உழவு ஓட்டிய டிராக்டர் எல்லாவற்றையும் அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டார். கையிலிருந்த துண்டுக் காகிதத்தில் கூட்டினார். பிறகு அத்தனை பேர் முன்னால், “ஒரு லிட்டர் எண்ணெய் எடுக்க ஒரு லிட்டருக்கு மேல டீசல் போயிருக்கேடா. அந்த டீசலையே இதுல ஊத்தியிருக்கலாமே” என்றார்.

யாரோ ஒருவர் சிரித்தார். சிரிப்பு பரவியது. கன்று வாங்கிப்போக வந்தவர்கள் ஒவ்வொருவராக வண்டியைத் திருப்பினார்கள். தம்பி பவர் டில்லரை அணைத்துவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்குள் போனார். நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. நானறிந்தவரை அதற்குப் பிறகு அவர் அக்காவோடு பேசவே இல்லை. பொங்கலுக்குச் சீர் மட்டும் ஆள் மூலமாக வந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்து மறுபடி ஒருதரம் கூட்டிப் பார்த்தார். வைகை அணை தாண்டி வந்த பிறகு சொன்னார். “அளந்ததுல தப்பில்ல. அங்கன வச்சுச் சொன்னதுதான் தப்பு. அவனைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும்.”

இரண்டாயிரத்து எட்டில் நான் மெக்கானிக் கடையை விட்டுவிட்டு அல்லிநகரத்தில் பேட்டரி ஸ்கூட்டர் ஷோரூம் போட்டேன். லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், புகை கிடையாது. வாசலில் பெரிய போர்டு: ‘ஒரு சார்ஜில் 70 கிலோமீட்டர்’. அடுத்த வருடம் ஆடி மாதம் ஒரு மத்தியானம் அக்கா வந்தார். ஆடியில் யாரும் புது வண்டி எடுக்கமாட்டார்கள். கடை காலி. அவர் உள்ளே வந்து சுற்றுமுற்றும் பார்த்தார், யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு மெதுவான குரலில் கேட்டார்.

“எழுவதுன்னு போட்டிருக்கியே, யாரு ஓட்டிப் பாத்தாக?”

“கம்பெனில சொல்லியிருக்காகக்கா.”

“கம்பெனி எந்த ரோட்டுல ஓட்டுச்சு? காத்து எந்தப் பக்கம் அடிச்சுச்சு? ஓட்டுன ஆளு எத்தனை கிலோ?”

போர்டு பொய்யாகிவிடுமோ என்று பயம் வந்தது. ஆனால் கூடவே அந்தப் பழைய ஆசையும் வந்தது. எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்தானே. டெமோ வண்டியை ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு மறுநாள் காலையில் அவரிடம் கொடுத்தேன். எடை கூட்டுவதற்குப் பையில் பத்து கிலோ அரிசியை வைத்துக்கொண்டு போடிக்குக் கிளம்பினார். நான் பெட்ரோல் வண்டியில் பின்னால் போனேன். போடி போய், தேனி திரும்பி, மறுபடி போடி. பேட்டரி முள் கீழே இறங்கியதும், “போதும்க்கா, திரும்பிரலாம்” என்று கத்தினேன். அவர் நிறுத்தவில்லை. “நிக்கிற வரைக்கும் ஓட்டணும். பாதியில நிப்பாட்டுனா அது யூகம்.” இரண்டாவது தடவை போடிக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கையில், எதிர்காற்றில் முக்கி முக்கி வண்டி நின்றது. நாற்பத்துமூன்று.

கடைக்குக் கொண்டுவந்து, சார்ஜருக்கு முன்னால் ஒரு வீட்டு மீட்டரை மாட்டினோம். பேட்டரி நிறைய இரண்டு யூனிட் ஏறியது.

“ரெண்டு குடத்துக்கு நாப்பத்திமூணு! குடத்துக்கு இருவத்தொண்ணு ஓடுதே!” என்றார். கண்கள் விரிந்துவிட்டன. அவருடைய மொபெட்டைவிட மூன்று மடங்குக்கும் மேல். எனக்கு உயிர் வந்தது. இதைப் போர்டில் எழுதலாமா என்று கேட்டேன்.

“பொறு. இது உன் பிளக்குல இருந்து அளந்தது. கரண்டு பிளக்குலயா முளைக்குது?”

“நம்ம ஊரு கரண்டு பெரியாத்துத் தண்ணியில இருந்து வருதுல்லக்கா? லோயர் கேம்ப் பவர் ஹவுஸ்ல இருந்து. அதுல என்ன எரியுது?”

“கம்பியில ஏறுன பெறகு எந்த ஊருக் கரண்டுன்னு அதுக்குப் பேரு எழுதி வைக்கிறதில்ல தம்பி. தண்ணிக் கரண்டு, காத்தாடிக் கரண்டு, நிலக்கரிக் கரண்டு எல்லாம் ஒண்ணாக் கலந்துதான் வருது. நிலக்கரியை மூணு குடத்துக்கு எரிச்சாத்தான் ஒரு குடத்துக்குக் கரண்டு. வர்ற வழியில கம்பி சுட்டுக் கொஞ்சம் போகும்.” காகிதத்தின் ஓரத்தில் எழுதினார். “முழுக்க நிலக்கரின்னு வச்சா குடத்துக்கு ஆறு, ஆறரை.”

“உங்க மொபெட்டும் ஆறுதானே?”

“ஆமா. ஆனா அந்தப் பெட்ரோலும் பங்க்ல ஊறல. அதைக் காய்ச்சி எடுத்து, லாரியில கொண்டாந்திருக்காக. அதைக் கழிச்சா என் மொபெட்டு அஞ்சுக்கு வந்துரும்.” பேனாவை மூடினார். “உன் வண்டிதான் ஒசத்தி. ஆனா நீ நெனைக்கிற அளவுக்கு இல்ல. காத்தாடியும் தண்ணியும் கூடக்கூட இன்னும் ஒசத்தியாகும். நல்ல வண்டி தம்பி.”

அப்போது கரண்ட் போனது. அந்த வருடங்களில் தினமும் போகும். நான் பழக்கதோஷத்தில் பின்பக்கம் போய் ஜெனரேட்டரைப் போட்டேன். நிறுத்திவைத்திருந்த வண்டிகளின் சார்ஜர்களில் சிவப்பு விளக்குகள் எரிந்தன. அக்கா ஜெனரேட்டரைப் பார்த்தார், சார்ஜரைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“ஏலே, இந்நேரம் உன் பேட்டரி வண்டி டீசல்ல ஓடுதுடா!”

உடனே அதையும் அளந்தோம். ஒரு லிட்டர் டீசலுக்கு ஜெனரேட்டர் கொடுத்தது இரண்டரை யூனிட். அவருடைய மொபெட் ஒரு லிட்டருக்கு ஓடும் தூரத்துக்குக் கிட்டத்தட்ட வந்து நின்றது. இத்தனை சுற்றுச் சுற்றி அதே இடத்துக்கு வந்துவிட்டோமே என்று அவர் வியந்த வியப்பு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

போகும்போது மட்டும் வாசலில் நின்று போர்டைப் பார்த்தார். “நாப்பதுன்னு சொல்லு தம்பி. அதுவே நல்ல தூரம்தான்” என்றார். வேறு யாரிடமும் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆண்டிபட்டியில் நடந்தது அவருக்கு அப்படி ஒரு பாடம்.

நான் போர்டை மாற்றவில்லை.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று ஒரு பெண் வந்தார். பண்ணைப்புரத்தில் குடியிருக்கும் கிராம சுகாதார நர்ஸ். கர்ப்பிணிகளைப் பார்ப்பது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது என்று மலையடிவாரத்து ஊர்களுக்கெல்லாம் போகவேண்டும். பஸ் காலை ஒன்று, மாலை ஒன்று. மீதி நடைதான். கியர் வண்டி பயம், அதனால் இதை எடுக்கலாமென்று வந்திருந்தார்.

“அண்ணே, ஒரு நாளைக்கு நாப்பத்தஞ்சாவது ஓடணும். தாங்குமா?”

மூன்று வாரமாக ஒரு வண்டிகூட நகரவில்லை. நான் பொய் சொல்லவில்லை. வாசல் பக்கம் கையைக் காட்டினேன். “எழுவதுன்னு போட்டிருக்குல்ல?”

அவர் சந்தோஷமாக வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து ஒரு ஆள் மூலம் சேதி வந்தது. நர்ஸம்மா அன்றுதான் முதல்முறையாக முழுச் சுற்றும் போய், தேவாரம் பக்கத்து ஊர்களை முடித்துவிட்டுத் திரும்பும்போது, பண்ணைப்புரத்துக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கையில், எதிர்காற்றில் வண்டி நின்றுவிட்டது. கையில் தடுப்பூசிப் பெட்டி. ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. அந்த வழியாக வந்த டவுன் பஸ்ஸை மறித்து, கண்டக்டரிடம் பெட்டியைக் கொடுத்து, ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். வண்டியைத் தனியாக விட்டு வரப் பயந்து, ஐந்து கிலோமீட்டரையும் தள்ளிக்கொண்டே நடந்திருக்கிறார். மருந்து பிழைத்துவிட்டது. நர்ஸம்மாவுக்குக் கை இரண்டும் வீங்கி மூன்று நாள் லீவு.

நான் அக்காவிடம் ஓடினேன். நடந்ததைச் சொன்னேன். போர்டைக் காட்டியதையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

“அந்தப் பிள்ளை காலையில எந்தப் பக்கம் போகுது?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் பெட்ரோல் வண்டியில் பண்ணைப்புரம் போனோம். அக்கா நர்ஸம்மாவோடு உட்கார்ந்து, அவர் போகும் ஊர்களை வரிசையாகக் கேட்டு எழுதினார். பிறகு என் பின்சீட்டில் ஏறிக்கொண்டு அத்தனை ஊருக்கும் போய் வந்தார். கையில் ஒரு துண்டுத்துணியைப் பிடித்து, ஒவ்வொரு திருப்பத்திலும் அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தார். மத்தியானம் வந்து, போகவேண்டிய வழியை ஒரு பேப்பரில் எழுதிக் கொடுத்துச் சொன்னார்.

“தாயி, நீ ஒரே மூச்சுல சுத்துற. அதை ரெண்டாப் பிரி. காலையில கோம்பைப் பக்கம் போ. அப்பத்தான் பேட்டரி நெறஞ்சிருக்கும், எதிர்காத்தைத் தாங்கும். வர்றப்ப காத்தே உன்னைத் தள்ளிக்கிட்டு வந்துரும். மத்தியானம் சோறு திங்கிற நேரம் வீட்டுல சார்ஜ் போடு. பெறகு தேவாரம் பக்கம் போ. நாப்பத்தஞ்சு தாராளமா ஓடும்.”

“வண்டியில ஒண்ணும் குறையில்லையாக்கா?”

“வண்டியில ஒரு குறையும் இல்ல.”

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நர்ஸம்மா எனக்கும் சேர்த்துக் காபி போட்டுக் கொடுத்தார். திரும்பி வந்ததும் போர்டில் ‘70’ஐ அழித்து ‘எதிர்காற்றில் 40’ என்று எழுதினேன். சிரித்துவிட்டுப் போனவர்கள் உண்டு. விளக்கம் கேட்க உள்ளே வந்தவர்களும் உண்டு. வியாபாரம் பெரிதாக ஓடவும் இல்லை, படுத்துவிடவும் இல்லை. நர்ஸம்மா என்னிடமே வண்டியைச் சர்வீசுக்கு விட்டார், தன் தங்கைக்கும் என்னிடமே ஒரு வண்டி எடுத்தார்.

அந்த வருடக் கடைசியில் அக்காவுக்குத் திண்டுக்கல் பக்கம் மாற்றலானது. அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

“பேட்டரிக்கு ஒரு வயசாயிருச்சுல்ல. இப்ப எம்புட்டு ஓடுதுன்னு பாக்க வேணாமா?”

பண்ணைப்புரம் போய் நர்ஸம்மாவின் வண்டியை வாங்கி அவரே ஓட்டினார். நான் பின்னால் போனேன். இந்தமுறை திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே முப்பத்தைந்தில் நின்றுவிட்டது. வண்டியை ஏற்றிப்போக மினி லாரி வரும்வரை இரண்டு பேரும் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தோம். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. ஒரு வருடமாக எனக்குள் உறுத்திக்கொண்டிருந்ததை அப்போது கேட்டேன்.

“நாப்பதுதான் ஓடும்னு எனக்கு முன்னயே தெரியும்னு, நர்ஸம்மாட்ட ஏன்க்கா நீங்க சொல்லல?”

“நான் வண்டியை அளக்கத்தானே வந்தேன்” என்றார். “அது நீ சொல்ல வேண்டியது. சொல்லாம இருந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. சொன்னா என்ன ஆகும்னும் தெரியாது. சொல்லிப் பாத்தாத்தான் தெரியும்.”

சாயங்காலம் நர்ஸம்மா வீட்டில் அக்கா கைகால் கழுவப் பின்பக்கம் போயிருந்தபோது சொல்லிவிட்டேன். நர்ஸம்மா வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எழுபது போகாது என்று தெரிந்தேதான் விற்றேன், அக்கா முன்னாடியே எச்சரித்திருந்தார் என்று, தலையைக் குனிந்துகொண்டு ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் கீரையைக் கீழே வைக்கவில்லை. “எனக்குத் தெரியும்ணே” என்றார்.

“எப்படி?”

“போன வருசம் அக்கா எழுதிக் குடுத்த பேப்பரோட பின்பக்கத்துல, போடி ரோட்டுல வண்டி ஓட்டிப் பாத்த கணக்கு இருந்துச்சு. தேதி போட்டிருந்தாக. நான் வண்டி எடுக்குறதுக்கு இருவது நாளைக்கு முந்தின தேதி.” ஒரு காம்பை ஒடித்துப் போட்டார். “நீங்க எப்பச் சொல்லுவீகன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

கிளம்பும்போது அக்காவுக்கு ஒரு பை திராட்சை கொடுத்தார். எனக்கும் ஒரு பை கொடுத்தார்.

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் அக்காவைத் திண்டுக்கல் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் எடுப்பதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னேன். பேப்பரின் பின்பக்கத்தைப் பற்றிச் சொன்னதும், “அட, அதையா குடுத்துட்டேன்!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு யோசித்தார். புருவம் மெல்ல மேலே போனது.

“தம்பி, தெரிஞ்சும் ஒரு வருசமா உங்கிட்டத்தானே சர்வீசுக்கு விட்டா?”

“ஆமாக்கா.”

“அவ தங்கச்சிக்கும் உங்கிட்டத்தானே வண்டி எடுத்தா?”

“ஆமா.”

“ஏன்?”

எனக்குத் தெரியவில்லை.

“நீ கேக்கலையா?”

“கேக்கலக்கா.”

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர ஆரம்பித்தது. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதித் தலையை வெளியே நீட்டி, ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார்.

“கேட்டிருக்கணும்ல? போய்க் கேட்டுட்டு எனக்குப் போன் பண்ணு!”